யார் தந்த பேரீத்தம்பழம்

நான் புத்தளம் டவுனில் ஒரு லோயரிடம் டைப்பிஸ்டாக இருந்த காலத்தில் ‘அவசரகாலச் சட்டம்’ என்ற சொல்லை எத்தனை தடவை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சண்டை நடந்தது வடக்கிலும் கிழக்கிலும். எங்கள் பக்கம் குண்டு விழவில்லை. ஆனால் அந்தச் சட்டம் எங்களிடமும் வந்து குடியிருந்தது. பாலாவிச் சந்தியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்க வைத்தது. மீன் பெட்டிக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தது. கடையில் டோர்ச் பற்றரி கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்டது. அது பேரீத்தம்பழத்தையும் தேடிக்கொண்டு வரும் என்று மட்டும் நாங்கள் யாரும் நினைத்திருக்கவில்லை.

அப்போது நான் சாச்சியோடு இருந்தேன். சாச்சி என் உம்மாவின் தங்கை. ஆலங்குடாவுக்குக் கிட்ட, தென்னந்தோட்டம் முடிந்து கடற்கரை மணல் தொடங்குகிற இடத்தில் அவருடைய வீடு. புருஷன் மௌத்தாகிப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. “அவளுக்கு அல்லா புள்ளயக் குடுக்கல்ல, வாயக் குடுத்திரிக்கான்” என்று உம்மா சொல்வார். அது முழு உண்மை. ஊரில் யார் வீட்டில் என்ன கறி என்பது முதல் யாருக்கு யாரோடு கோபம் என்பது வரை சாச்சிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கவும் முடியாது.

ஒரு விஷயத்தைத் தவிர.

நோன்பு மாதம் வருவதற்கு முன்னால் எங்கள் ஊரில் பேரீத்தம்பழம் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் அதைத் துணியால் மூடிக் கொண்டுவந்து சாச்சியின் கொல்லைக் கதவில் தந்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே வரக் கூடாது. சாச்சி அதை நடு அறையில் விரித்திருக்கும் பெரிய பாயில் கொட்டி, இரண்டு கையாலும் அளைந்து, ஏற்கெனவே கிடக்கிற பழத்தோடு கலந்துவிடுவார். பெட்டியும் பையும் அடுப்புக்குப் போகும். சவூதியில் இருக்கிற மகன் அனுப்பிய முதல்தரப் பழமும், புத்தளம் சந்தையில் பேரம் பேசி வாங்கிய காய்ந்த பழமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பொண்டுகள் கூடி வீட்டுக்கொரு பொதி கட்டுவார்கள். ஹாஜியார் வீட்டுக்கும் அதே பொதி, உப்பு வாய்க்காலில் கூலிக்கு நிற்கிறவன் வீட்டுக்கும் அதே பொதி. நோன்பு திறக்கும்போது யார் தந்த பழத்தைத் தின்கிறோம் என்று எவருக்கும் தெரியாது. யாரும் யாருக்கும் தலைகுனியவும் தேவையில்லை. தந்தவர்களைத் தெரிந்த ஒரே ஆள் கொல்லைக் கதவில் நிற்கிற சாச்சிதான். அந்தக் கதை மட்டும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் முஸ்லிம் சனங்கள் உடுத்த உடுப்போடு வந்து இறங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊருக்குப் பக்கத்தில் கிடுகுக் குடிசைகளாக ஒரு கேம்ப். நோன்புக்கு என்று கொழும்பு வியாபாரி ஒருவர் அந்தக் கேம்புக்கு ஒரு லொறி பேரீத்தம்பழம் அனுப்பியிருந்தார். வந்த மறுநாள் கேம்பிலிருந்து ஒரு பெண் எங்கள் கொல்லைக் கதவில் வந்து நின்றாள். மன்னார்ப் பக்கத்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். முந்தானைக்குள் ஒரு பொட்டலம். தனக்குக் கிடைத்ததில் பாதி.

“இது எதுக்கு புள்ள? நீங்க எடுக்குற ஆக்கள்தானே” என்றார் சாச்சி.

அவளுடைய முகம் சுருங்கிவிட்டது. “ஊர்ல நாங்களும் குடுத்த ஆக்கள்தான் ராத்தா” என்றாள்.

சாச்சி முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கினார். உள்ளே கொண்டுவந்து பாயில் கொட்டினார். நானும் குந்தி, அவரோடு சேர்ந்து அளைந்து கலந்தேன்.

அடுத்த கிழமை ரேடியோவில் செய்தி வந்தது. எங்கள் ஒபிசுக்கு அரசாங்க வர்த்தமானியும் வந்தது. ஒரு குறிப்பிட்ட கப்பலில் வந்த பேரீத்தம்பழத்துக்குப் பூச்சி மருந்து அளவுக்கு மிஞ்சி அடித்துவிட்டார்களாம். ஏதோ ஓர் ஊரில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். ஆகவே அந்தக் கப்பலில் இருந்து இறக்கிய பழத்தை யாரும் விற்கவோ, கொண்டு செல்லவோ, வைத்திருக்கவோ கூடாது; ஒரு மாதத்துக்கு இது அவசரகாலக் கட்டளை. கேம்புக்கு வந்த லொறி அந்தக் கப்பல் பழம்தான் என்று மறுநாளே ஊரில் கதை பரவியது. கேம்பில் மிஞ்சியிருந்ததையெல்லாம் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனது. அதில் கொஞ்சம் ஊருக்குள் போயிருக்கிறது என்று யாரோ சொல்லியும் கொடுத்துவிட்டார்கள்.

பௌர்ணமிப் போயா லீவன்று ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. ஒரு சார்ஜனும், எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகரும் இறங்கினார்கள். பரிசோதகரை நாங்கள் பீ.எச்.ஐ. மாத்தையா என்போம். சிலாபத்துப் பக்கத்துச் சிங்கள மனிதர். கடற்கரையில் வளர்ந்ததால் தமிழ் அவருக்கு வீட்டுப் பாஷை போல. பாயைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். அறை நிறையப் பழம்.

“இதெல்லாம் வந்த பெட்டி எங்க அக்கா?”

“அடுப்புல.”

“எல்லாப் பெட்டியுமா?”

“பெட்டிய வெச்சி நான் என்ன செய்ய? சாம்பல் இரிக்கி, வேணுமெண்டா அள்ளித் தாரன்.”

பீ.எச்.ஐ. தலையில் கையை வைத்துக்கொண்டார். எது எந்தக் கப்பலில் வந்தது என்று காட்ட உலகத்தில் ஒரு துண்டுக் கடதாசி கூட மிச்சமில்லை. பழத்தைக் கலந்ததோடு நிற்காமல் அது வந்த தடத்தையும் எரித்துவிடுகிற ஊர் எங்களது ஊராகத்தான் இருக்கும். சார்ஜனுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டச் சொன்னார். பிறகு கேம்பிலிருந்து கொண்டுவந்து தந்தது யார் என்று கேட்டார். பீ.எச்.ஐ. அதைத் தமிழில் கேட்டார்.

“தெரியும். ஆனா சொல்ல மாட்டன்” என்றார் சாச்சி.

பீ.எச்.ஐ. அதை இரண்டு தடவை சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தெரியாது என்று சொல்கிற ஆட்களைத்தான் சார்ஜன் அதுவரை கண்டிருப்பார். சாச்சியை அங்கேயே ஜீப்பில் ஏற்றப் பார்த்தார். பீ.எச்.ஐ.தான் இடையில் புகுந்து, பெண் ஆள், தனியாக இருக்கிறவர், நாளைக்குக் கோர்ட்டுக்கு நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன் என்று தன் பொறுப்பில் கையெழுத்து வைத்தார். பழச் சாக்குகள் மட்டும் சீல் வைக்கப்பட்டு ஜீப்பில் போயின.

அன்று பின்னேரமே சாச்சியை இழுத்துக்கொண்டு என் லோயர் சேர் வீட்டுக்குப் போனேன். அவர் உடப்பைச் சேர்ந்தவர். அவசரப்படாத மனிதர். கதிரையில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறைக்காமல் சொன்னார்.

“அவசரகாலக் கட்டளையை மீறினதெண்டு வழக்குப் போட்டா, நீதவான் நினைச்சாலும் பிணை குடுக்க ஏலாது. நேரே மறியல், ஜெயில்தான். எப்ப வெளியில வருவீங்க எண்டு எனக்குச் சொல்ல ஏலாது. தந்த ஆளின்ட பேரைச் சொன்னா உங்களைச் சாட்சியாக்கி விட்டுடுவினம். இல்லாட்டி, தெரியாதெண்டு சொல்லுங்கோ.”

“தெரியுமே சேர்.”

“அது எனக்கும் விளங்குது அம்மா. கோர்ட்டில தெரியாதெண்டு சொல்லுங்கோ.”

“தெரிஞ்சத எப்பிடித் தெரியாண்டு சொல்ற? அதுவும் சத்தியம் பண்ணிப்போட்டு?”

எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸில் சாச்சியோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். அவள் பழத்தைத் தந்த அன்று அந்தக் கட்டளையே வரவில்லை, அவள் மேல் என்ன குற்றம், பேரைச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, நீங்கள் சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன் என்று கத்தினேன். சாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

“சொல்லு. அவள்ட மாப்புள ஓடி வரக்குள்ள ஐடென்டிகாட்டயும் விட்டுட்டு வந்தவனாம். அதயும் சேத்துச் சொல்லு. கேம்புக்குப் போற பொலிஸ் பழத்த மட்டும் கேட்டுட்டு வருமா?”

ஐடென்டிகாட் இல்லாத தமிழ் பேசும் இளைஞனை அந்த நாட்களில் என்ன செய்வார்கள் என்று லோயர் ஒபிசில் டைப் அடிக்கிற எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாச்சி சோறாக்கித் தின்றார். மறியலுக்குக் கொண்டுபோவதற்கு ஒரு பையில் இரண்டு உடுப்பும் தொழுகைச் சால்வையும் மடித்து வைத்தார். நான் அழுதேன். எனக்கும் சேர்த்து அவரே தட்டில் சோறு போட்டார்.

மறுநாள் கோர்ட். பீ.எச்.ஐ. சொன்னபடி வந்து எங்களை அழைத்துக்கொண்டு போனார். நீதவான் வயதானவர், அவர் பேசுவதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பொலிஸ் அறிக்கையில், தடைசெய்யப்பட்ட கப்பலின் பேரீத்தம்பழத்தை இந்தப் பெண் மறைத்து வைத்திருந்தார் என்று எழுதியிருந்தது. அறை நடுவில் பாயில் கிடந்த பழத்தை ‘மறைத்து’ என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லோயர் சேர் எழுந்தார். கை நீட்டிப் பேசவில்லை. கட்டளையை வாசித்தார். மறுபடியும், இன்னும் மெதுவாக வாசித்தார். “இதில் ஒரு கப்பல்தான் இருக்கிறது. அதிலிருந்து இறக்கிய பழம்தான் இருக்கிறது. நோன்பு மாதத்துக்கு நாட்டில் உள்ள எல்லாப் பேரீத்தம்பழத்தையும் தடுக்க அரசாங்கம் நினைத்திருந்தால் அப்படியே எழுதியிருக்கும். எழுதவில்லை. அரசாங்கம் எழுதாததைப் பொலிஸ் எப்படிச் சேர்த்துக்கொள்ளலாம்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நீதவான் பீ.எச்.ஐ.யைக் கூப்பிட்டார்.

“இந்தச் சாக்குகளில் இருப்பது அந்தக் கப்பல் பழம்தான் என்று உமக்குச் சொல்ல முடியுமா?”

ஓம் என்று தலையாட்டினால் போதும். அவரைக் குறுக்குக் கேள்வி கேட்க எவரிடமும் ஒரு பெட்டி கூட இல்லை. பின்னால் சார்ஜன் அவரையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் காலத்தில், அரசாங்க வேலையில் இருக்கிற ஒருவர், ஒரு சோனகப் பெண்ணுக்காகப் பொலிஸைப் பகைக்க வேண்டிய தேவை என்ன?

“சொல்ல முடியாது ஐயா. கொஞ்சம் கலந்திருக்கும் என்று பலமான சந்தேகம் இருக்கிறது. எது, எவ்வளவு என்று தெரியாது. அதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.”

இன்றைக்கும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மரியாதையில் கை நெஞ்சுக்குப் போகும்.

பிறகு நீதவான் சாச்சியைப் பார்த்தார். கேம்பிலிருந்து யாராவது பழம் தந்தார்களா என்று கோர்ட் மொழிபெயர்ப்பாளரான முதலியார் மூலம் கேட்டார். லோயர் சேர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தந்த ஆக்கள எல்லாரயும் தெரியும் தொர. சொல்ல மாட்டன். தந்தவங்க என்ன நம்பித் தந்தாங்க” என்றார் சாச்சி.

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ள வெகுநேரம் எடுத்ததாக எனக்குப் பட்டது. பிறகு அவர் சொன்னதை நான் பின்னாளில் கோர்ட் பிரதியிலிருந்து என் கையால் டைப் அடித்தேன். அதனால் மறக்கவில்லை.

ஆபத்துக் காலத்தில் அரசுக்கு அதிகமான அதிகாரம் வேண்டும், கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கொடுத்த அளவுக்குத்தான் அதிகாரம். இந்தக் கட்டளை ஒரு கப்பலோடு தொடங்கி அந்தக் கப்பலோடு முடிகிறது. பொலிஸுக்குப் பிரித்துக் காட்ட முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, நீ பிரித்துத் தா, இல்லாவிட்டால் மறியலுக்குப் போ என்று இந்தப் பெண்ணிடம் கேட்கிறது. வழக்கை நிரூபிப்பது அரசின் வேலை. அவருடைய வேலை அல்ல. அவசரகாலக் கட்டளைக்குக் கீழ் இவர் மேல் வழக்கு இல்லை. சாக்குகளைத் திருப்பிக் கொடுங்கள்.

அவ்வளவுதான். சாச்சிக்கு முதலியார் மொழிபெயர்த்துச் சொன்னபோது, “அப்ப இந்தப் பையத் தூக்கிட்டு ஊட்டுக்குப் போகவா?” என்று கேட்டார். லோயர் சேர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாக்குகள் அன்றே வீட்டுக்கு வந்தன. பீ.எச்.ஐ. தானே வந்து சீலை வெட்டினார். வெட்டிவிட்டுப் போகாமல் வாசலில் நின்றார். செருப்புக்குள் மணல் போனவர் போலக் காலை மாற்றி மாற்றி வைத்தார். ஒரு கைப்பிடி பழம் கிடைத்தால் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கலாம் என்று கேட்கத் தயங்குகிறார் என்பது எனக்கு விளங்கியது. வழக்கில் தோற்ற ஆள் எந்த வாயால் கேட்பார்?

அவர் கேட்கும் முன்பே சாச்சி ஒவ்வொரு சாக்கிலும் கையை விட்டு அள்ளிக் கொண்டுவந்து நீட்டினார்.

“அக்கா, கோர்ட்…”

“எடுக்க ஒங்களுக்கு உரிம இல்லண்டுதான் கோர்ட் சொன்னிச்சி. தர எனக்கு உரிம இல்லண்டு சொன்னிச்சா?”

பாக்கிப் பழத்தை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். நோன்பும் பிறந்தது. ஊரில் பெரிய புறுபுறுப்பு. பள்ளிவாசல் நிர்வாகத்து ஆட்கள் மூன்று நாலு பேர் வந்து, கோர்ட்டே விட்ட பழத்தை நீ ஏன் பூட்டி வைத்திருக்கிறாய், சனங்கள் வெறும் தண்ணீரில் நோன்பு திறக்கிறார்கள் என்று சத்தம் போட்டார்கள். சாச்சி கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னார்.

“கோர்ட் பாத்தது என்னப் புடிக்கலாமா எண்டு. பழம் நல்லமா எண்டு கோர்ட் பாக்கல்லயே. அது தெரியுமட்டும் ஒரு கொட்ட வெளிய போகாது.”

அந்த நோன்பில் நான் இளநீரிலும் தண்ணீரிலும்தான் நோன்பு திறந்தேன். அந்த மாதம் போல ஒரு மாதம் என் வாழ்க்கையில் பெருமையாகக் கழிந்ததில்லை. மறியலுக்குப் பயப்படாமல் அரசாங்கத்திடம் இருந்து மீட்ட பழத்தை, ஊருக்குப் பயப்படாமல் ஊரிடம் இருந்தும் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் நான் சோறு தின்றேன்.

நோன்பு பாதி போன பிறகு ஒரு நாள் அஸர் தொழுகை நேரம் பீ.எச்.ஐ.யின் மோட்டார் சைக்கிள் வந்தது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அனுப்பிய பழத்தில் மருந்து இருந்ததாம். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம், சின்னப் பிள்ளைகளைப் படுத்தியிருக்குமாம். இனி அவசரகாலச் சட்டம் தேவையில்லை, சாதாரண உணவுச் சட்டத்திலேயே இதை அழிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது அக்கா என்று, அந்த நேரத்திலும் சட்டத்தைச் சொல்லித்தான் கேட்டார்.

“இப்ப எடுங்க” என்றார் சாச்சி.

தோட்டத்தில் குழி வெட்டினார்கள். சவூதிப் பழம், சந்தைப் பழம், எல்லாம் ஒன்றாகப் போனது. ஹாஜியார் வீட்டு ஆட்களும் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேம்ப்காரனால்தான் எல்லாம் நாசமானது என்று ஒருவர் தொடங்கியபோது, “பாயில கெடந்தது எல்லார்ட பழமும். எது எதக் கெடுத்திச்சிண்டு நீங்க கண்டீங்களா?” என்று சாச்சி ஒரு சத்தம் போட்டார். அந்த வாய் அல்லா கொடுத்தது என்று உம்மா சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று நோன்பு திறக்கிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. கேம்ப் பெண். அழுதழுது கண் வீங்கியிருந்தது. உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ராத்தா, ஊர்ச் சனத்துக்கு நஞ்சக் குடுக்கப் பாத்துட்டன். ஒங்களயும் கோர்ட்டுக்கு ஏத்தி… என்ட பழத்தாலதான்…”

“ஒன்ட பழமா?” என்றார் சாச்சி. “அத நான் பாயில போடவே இல்லயே புள்ள.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அது நல்ல பழம். அப்பயே வேறாக்கி வெச்சி நானும் இவளும் தின்டுட்டோம். எங்களுக்கு என்ன ஆச்சி? கல்லுப் போல இரிக்கோம். கேம்புக்கு வந்த லொறியில நல்லதும் இரிந்திரிக்கி, கெட்டதும் இரிந்திரிக்கி. ஒனக்கு வந்தது நல்லது.”

மறியலுக்குப் போனாலும் பொய் சொல்ல மாட்டேன் என்றவர் நோன்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார், ஒரு தடங்கலும் இல்லாமல். அந்தப் பெண் அவரை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் என் பக்கம் திரும்பினாள்.

“மெய்யா? தின்டீங்களா?”

“ஓம்” என்றேன்.

“எப்பிடி இருந்திச்சி?”

“நல்ல இனிப்பு” என்றேன்.